டின்னில் அடைத்த சூரை: எண்ணெயில் வாங்குவதா, தண்ணீரில் வாங்குவதா?

கேள்வி இதுதான்: ஷார்ஜாவில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறை. வாரத்துக்கு ஐந்தாறு டூனா, அதாவது சூரை மீன், டின் செலவாகிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர் தண்ணீரில் அடைத்ததை மட்டும் வாங்கச் சொல்கிறார். அறைத்தோழரோ எண்ணெயில் அடைத்ததுதான் மீன், மற்றது சக்கை என்கிறார். எது நல்லது, நீங்கள் எதை வாங்குவீர்கள்?

என் வீட்டு அலமாரியில் இரண்டும் இருக்கின்றன. டின்னைத் திறந்து அப்படியே சுடுசோற்றில் போட்டுச் சாப்பிட எண்ணெயில் அடைத்ததையே எடுப்பேன். இதில் எனக்குத் தயக்கம் கிடையாது. கட்லெட், புட்டு, மயோனைஸ் கலந்த சாண்ட்விச் என்றால் தண்ணீர் டின்னை எடுப்பேன். டின்னுக்குள் இருக்கும் அந்த எண்ணெயையோ நீரையோ நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை வைத்துத்தான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் மீனைப் பற்றி யோசித்து டின் வாங்குகிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் திரவத்தைத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். மீனின் சுவையில் ஒரு பங்கு அந்தத் திரவத்துக்குள் போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மொரீஷியசில் டூனா ஆலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சில டின்களை எடுத்து, திறந்து, வடித்து, எடைபோட்டு, முகர்ந்து, கடைசியில் வாயில் போட்டுப் பார்ப்பது அன்றாட வேலை. அங்கே பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் தண்ணீர் டின் ஏன் சக்கையாக இருக்கிறது என்பது தானாக விளங்கிவிடும்.

சூரை மீன் ஆலைக்குக் கல் போல உறைந்த நிலையில் வருகிறது. நடுக்கடலில் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் பிடித்த உடனேயே குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிகளில் இறக்கி உறையவைத்துவிடுகிறார்கள். ஆலையில் உறைநிலை நீக்கி, குடலை எடுத்து, தட்டுகளில் அடுக்கி, பெரிய நீராவி அறைகளில் வேகவைக்கிறார்கள். நடுமுள்ளை ஒட்டிய இடத்தில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்வரை இந்த வேக்காடு நடக்கும். பிறகு ஆறவைத்து, தலை, தோல், முள் எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். விலாவோரம் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பூனைத் தீவனமாகப் போகும். எஞ்சி நிற்கும் வெளிர்நிறச் சதை, முழு மீனின் எடையில் பாதிகூட இருக்காது.

அந்த முதல் வேக்காட்டிலேயே மீனின் சொந்தச் சாறும் கொழுப்பும் கணிசமாக வடிந்துவிடுகின்றன. மேசைமேல் கிடக்கும் அந்தச் சதையைப் பிய்த்துத் தின்றால் அதிகம் வெந்துபோன கோழி நெஞ்சுக்கறி போல இருக்கும். எண்ணெயா, தண்ணீரா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரே மீன், ஒரே நாள், ஒரே மேசை. ஒரு வரிசையில் டின்னுக்குள் உப்புநீர் ஊற்றுகிறார்கள், அடுத்த வரிசையில் சூரியகாந்தி எண்ணெய். மூடி அடைத்து, அழுத்தக் கலத்தில் 116 முதல் 121 டிகிரி வெப்பத்தில், டின்னின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மறுபடி வேகவைக்கிறார்கள். இரண்டாம் முறை வேகும் அந்த மீன், சுற்றியிருக்கும் திரவத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். எண்ணெயில் போட்டால்தான் மீன் கெடாமல் இருக்கும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ஆவக்காய் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்ன பழக்கம் அது. டின் மீனைக் காப்பது அந்த இரண்டாம் வேக்காடும் காற்றுப் புகாத மூடியும்தான். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சாகும் கிருமியையும் அதன் வித்துகளையும் அழிக்கத்தான் கொதிநிலையைத் தாண்டிய வெப்பம் கொடுக்கிறார்கள். அதனால் தண்ணீர் டின்னும் எண்ணெய் டின்னும் ஒரே அளவு பாதுகாப்பானவை; இரண்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மாவடு உப்புநீரில் ஊறுகிறது, ஆவக்காய் எண்ணெயில் ஊறுகிறது. இரண்டில் எது ஊறுகாய் என்று நாம் சண்டை போடுவதில்லை. சுவை வேறு, தொட்டுக்கொள்ளும் சோறு வேறு, அவ்வளவுதான்.

இனி சுவைக்கு வருகிறேன்.

மீனின் மணத்தைத் தரும் பொருள்களில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைபவை. எண்ணெய் டின்னில் அவை எண்ணெய்க்குள் இறங்கி அங்கேயே தங்குகின்றன. எண்ணெயும் சதையின் இழைகளுக்கிடையில் மெல்ல நுழைகிறது. வாயில் போட்டதும் அந்த எண்ணெய் நாக்கில் படிந்து மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இழைகள் வழுக்கிப் பிரிகின்றன. தண்ணீர் டின்னில் நடப்பது வேறு. நீரில் கரையும் பொருள்கள், அதாவது உப்பும் அமினோ அமிலங்களும் நாக்கில் நிறைவான சுவையைத் தரும் இனோசினேட் போன்றவையும், சதையிலிருந்து நீருக்குப் போகின்றன. மீனில் இழை மட்டும் மிஞ்சுகிறது. இட்லிப் பொடியை எண்ணெய் ஊற்றாமல் தின்றால் தொண்டையில் அடைக்கிறதே, உங்கள் அறைத்தோழர் சக்கை என்று சொல்வது அதைத்தான். அவர் சொல்வது சரி.

ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் யோசித்திருக்க மாட்டார். டூனா டின்களில் அதிகம் அடைக்கப்படுவது, வயிற்றில் நீளமாக வரிகள் ஓடும் ஸ்கிப்ஜாக் எனும் சிறிய சூரை. இதே மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல உலர்த்தியதைத்தான் ஜப்பானியர்கள் கட்சுவோபுஷி என்கிறார்கள். மாலத்தீவில் அதே வழியில் செய்வது, இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடும் மாசி. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான டாஷி என்ற சாறு, கட்சுவோபுஷியைச் சீவிப் போட்டு வெந்நீரில் இறக்கும் சாறுதான். அந்தச் சாற்றின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று 1913ஆம் ஆண்டில் ஷின்டாரோ கொடாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தார். தண்ணீர் டின்னில் நீங்கள் கொட்டும் நீர் அந்த டாஷியின் ஏழைத் தங்கை. புகைமணம் கிடையாது, உப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் மீனின் சாரம் அதில் இருக்கிறது. அடுத்த முறை டின்னைத் திறந்ததும் வடிக்கும் நீரைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்.

நான் அதை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, தாளித்த வெங்காயத்திலோ தக்காளிக் குழம்பிலோ ஊற்றிச் சுண்டவிடுவேன். அன்றைக்குக் குழம்பில் தனியாக உப்புப் போடுவது கடைசியில்தான், அதுவும் ருசி பார்த்த பிறகு. உப்புநீரில் அடைத்த டின்னுக்கும் வெறும் நீரில் அடைத்த டின்னுக்கும் உப்பில் நல்ல வேறுபாடு இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உப்பின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

பயிற்சியாளர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதற்கு எண்களைப் பார்ப்போம். ஸ்கிப்ஜாக்கும் மஞ்சள் துடுப்புச் சூரையும் இயல்பிலேயே கொழுப்பு மிகக் குறைந்த மீன்கள். பச்சையாக 100 கிராமில் ஒரு கிராம் அளவுக்கே கொழுப்பு. தண்ணீர் டின்னை வடித்து எடுத்த 100 கிராம் மீனில் 90 முதல் 120 கலோரி வரை, கொழுப்பு ஏறக்குறைய ஒரு கிராம். எண்ணெய் டின்னை வடித்து எடுத்த அதே 100 கிராமில் 200 கலோரிக்குச் சற்றுக் கீழே, கொழுப்பு 8 கிராம் அளவு. புரதம் இரண்டிலும் ஏராளம். 20 கிராமிலிருந்து 29 கிராம் வரை. உடல் எடையைக் குறைக்க ஒவ்வொரு கலோரியையும் எண்ணுகிறவருக்குத் தண்ணீர் டின் உதவும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்த வேறுபாடு ஒரு தேக்கரண்டியோ இரண்டு தேக்கரண்டியோ எண்ணெய், அவ்வளவே. தண்ணீர் டின்னை வாங்கிவிட்டு அது இறங்கவில்லை என்று மூன்று கரண்டி மயோனைஸ் போட்டுப் பிசைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய். அதற்கு எண்ணெய் டின்னை வடித்து, எலுமிச்சை பிழிந்து தின்றிருந்தால் கலோரியும் குறைந்திருக்கும், நாக்கும் நிறைந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒமேகா-3 கொழுப்பு நீரில் கரையாது. அதனால் தண்ணீர் டின்னை வடிக்கும்போது மீனின் சொந்தக் கொழுப்பு பெரும்பாலும் மீனிலேயே தங்குகிறது. எண்ணெய் டின்னை வடித்தால் அதில் ஒரு பகுதியும், கொழுப்பில் கரையும் வைட்டமின் டி-யில் கொஞ்சமும் எண்ணெயோடு வெளியேறும். அந்த எண்ணெயைச் சமையலில் சேர்த்தால் எதுவும் வீணாவதில்லை. கொட்டுவதாக இருந்தால் எண்ணெய் டின் வாங்கியதில் காசும் நட்டம், சத்தும் நட்டம். அறையில் எண்ணெயைக் கொட்டும் பழக்கம் இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.

பாதரசம் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. சூரையில் உள்ள பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பது. எண்ணெயில் அடைத்தாலும் தண்ணீரில் அடைத்தாலும் அது கூடுவதோ குறைவதோ இல்லை. வடித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. மீனின் வகைதான் முக்கியம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சாதாரண டூனா டின்னின் சராசரி பத்து லட்சத்தில் 0.126 பங்கு, அல்பகோர் என்ற பெரிய வெள்ளைச் சூரையில் 0.350. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்குச் சாதாரண டின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடலாம் என்றும், அல்பகோர் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்றும் அங்கே அறிவுறுத்துகிறார்கள். தசை ஏற்ற வேண்டும் என்று தினமும் இரண்டு டின் தின்னும் இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: பாதி நாளுக்கு முட்டைக்கும் மத்தி மீனுக்கும் மாறுங்கள். எண்ணெயைக் கண்டு அஞ்சுகிற அளவுக்கு அவர்கள் இதைக் கண்டு அஞ்சுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அல்பகோர் என்றதும் இந்தத் தொழிலின் தொடக்கம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் டூனா டின் 1903ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் பிறந்தது. அங்கே மத்தி அடைக்கும் ஆலை நடத்திய ஆல்பர்ட் ஹாஃப்ஹில், மத்தி வரத்துக் குறைந்துபோனதால் அல்பகோரை முயன்று பார்த்தார். நீராவியில் வேகவைத்ததும் சதை வெளுத்து, மீன்வாடை தணிந்து, கோழிக்கறி போல ஆனது. மீன் பிடிக்காத மக்களும் அதை வாங்கினார்கள். மீனின் சொந்த எண்ணெயை நீராவியால் வெளியேற்றிவிட்டு வேறு எண்ணெயை ஊற்றி அடைக்கும் முறை அங்கே வேரூன்றியது. தண்ணீர் டின் அந்நாட்டில் செல்வாக்குப் பெற்றது வெகு பிற்பாடு, கொழுப்பைக் கண்டு மக்கள் பயப்படத் தொடங்கிய பிறகு. தண்ணீரில் அடைப்பது உணவுக் கட்டுப்பாட்டுக்காக வளர்ந்த பழக்கம். மத்தியதரைக் கடலோரத்தில் நாக்கைக் கேட்டு முடிவு செய்தவர்கள் எண்ணெயோடு நின்றுவிட்டார்கள்.

இத்தாலியில் கடைக்குப் போனால் மூன்று மூன்றாகக் கட்டிய 80 கிராம் டின்கள் சுவர்போல அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் வடித்த மீன் 52 கிராம், மற்றது ஆலிவ் எண்ணெய். தண்ணீரில் அடைத்ததும் கிடைக்கும், ஆனால் ஓரத்தில். டஸ்கனியில் வெள்ளை மொச்சையை வேகவைத்து, சிவப்பு வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, அதன்மேல் டின் மீனை எண்ணெயோடு கவிழ்த்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊர் மொச்சையிலும் இதைச் செய்து பார்த்தேன், அருமையாக வருகிறது. ஸ்பெயினின் வடகடலோரத்தில், கோடையில் பிஸ்கே விரிகுடாவுக்கு வரும் அல்பகோரைத் தூண்டிலில் பிடித்து, ஆலிவ் எண்ணெயில் அடைக்கிறார்கள். பொனிட்டோ தெல் நோர்தே என்று பெயர். அதன் வயிற்றுப் பகுதியை மட்டும் தனியாக அடைத்தது வென்ட்ரெஸ்கா. தட்டில் வைத்தால் இதழ் இதழாக விரியும். விலை அதிகம்தான். ஒருமுறையாவது வாங்கி, வேறு எதுவும் கலக்காமல், ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். டூனா டின் என்றால் என்ன என்ற எண்ணமே எனக்கு அதற்குப் பிறகு மாறிவிட்டது.

கொரியாவில் 1982ஆம் ஆண்டில்தான் முதல் உள்நாட்டு டூனா டின் சந்தைக்கு வந்தது. இன்று அவர்கள் கிம்ச்சிக் குழம்பில் டின்னை எண்ணெயோடு சேர்த்துக் கவிழ்க்கிறார்கள். புளித்த முட்டைக்கோசின் காரத்தை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. நம் புளிக்குழம்பில் மேலே மிதக்கும் நல்லெண்ணெய் செய்யும் அதே வேலை. மாலத்தீவில் காலை உணவான மாஸ் ஹுனிக்கு மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்து ரொஷி என்ற சப்பாத்தியோடு சாப்பிடுவார்கள். இதை டின் மீனில் செய்யும்போது நான் தண்ணீர் டின்னைத்தான் எடுப்பேன். தேங்காயிலேயே கொழுப்பு இருக்கிறது. எண்ணெய் டின் போட்டால் திகட்டும்.

இதே கணக்கில்தான் கட்லெட்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் டின் மீனில் செய்யும் கட்லெட்டுக்கு ஈடில்லை. அதற்கு மீன் உலர்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் டின்னைப் போட்டால் உருளைக்கிழங்கு மசியல் இறுகாமல் வாணலியில் உடையும். தண்ணீர் டின்னைத் திறந்து, கையால் நன்றாகப் பிழிந்து, மிளகும் சோம்பும் தூக்கலாகச் சேர்த்து உருட்டுங்கள். எப்படியும் பொரிக்கத்தானே போகிறோம், எண்ணெய் வெளியிலிருந்து வரட்டும். சாண்ட்விச்சுக்கும் அப்படியே. பிழியாமல் போட்டால் ரொட்டி நைந்துபோகும். மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

புட்டு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுறாப் புட்டுச் செய்யும் அதே முறையில், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, மஞ்சள் போட்டு, உதிர்த்த டின் மீனைச் சேர்த்துக் கிளற வேண்டும். இதற்குத் தண்ணீர் டின். ஏனென்றால் சுவையற்ற சூரியகாந்தி எண்ணெய் ஏற்கெனவே ஊறிய மீனுக்குள் நல்லெண்ணெயின் மணம் ஏறாது. பிழிந்த நீரை வெங்காயம் வதங்கியதும் ஊற்றி, முழுக்க வற்றவிட்டு, பிறகு மீனைப் போடுங்கள். நீருக்குள் போன சாரம் மறுபடி மீனுக்கே வந்துசேரும். நான் சொல்லிக் கேட்டுச் செய்து பார்த்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்த நீரைக் கொட்டியதில்லை.

எண்ணெய் டின் என்று வாங்கப் போனால் எந்த எண்ணெய் என்று பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் தனக்கென மணம் இல்லாதது, மீனை மீனாக விட்டுவிடும். அன்றாடத்துக்கு அது போதும். ஆலிவ் எண்ணெய் தன் சுவையையும் கொண்டுவரும். ரொட்டி, மொச்சை, பாஸ்தாவுக்கு அது. கறிவேப்பிலையும் கடுகும் தாளிக்கப் போகிறீர்கள் என்றால் ஆலிவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். வெறும் தாவர எண்ணெய் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சோயா. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தண்ணீர் டின்னிலும் ஏமாறக்கூடும். சில நாடுகளில் தண்ணீரோடு காய்கறிச் சாறு என்று சேர்ப்பார்கள், அதில் சோயா இருக்கலாம். உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். மொத்த எடையைப் பார்த்து விலையை ஒப்பிடுவதும் தவறு. வடித்த எடை என்று தனியாக அச்சிட்டிருக்கும், காசு அதற்குத்தான்.

தண்ணீர் டின் வாங்குவதாக இருந்தால் முழுத் துண்டாக அடைத்ததை வாங்குங்கள், உதிரியை வேண்டாம். உதிரியாக இருந்தால் நீர் படும் பரப்பு பல மடங்கு. சாரம் அத்தனையும் நீருக்குப் போய் உமிபோல ஒன்று மிஞ்சும். தண்ணீர் டின்னை வெறுப்பவர்களில் பாதிப் பேர் மலிவான உதிரியைத் தின்று வெறுத்தவர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் டின்னில் உதிரி அவ்வளவு மோசமில்லை, எண்ணெய் காப்பாற்றிவிடும்.

ஆய்வுப் பிரிவில் இருந்தபோது வாடிக்கையாளர் புகார்களில் அடிக்கடி வந்தது, டின்னுக்குள் கண்ணாடித் துண்டு இருக்கிறது என்பது. பெரும்பாலும் அது கண்ணாடி இல்லை. மீனில் இயல்பாக உள்ள மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் சேர்ந்து, டின் ஆறும்போது படிகமாகும். ஸ்ட்ருவைட் என்று பெயர். உடலுக்குத் தீங்கில்லாதது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. கொஞ்சம் வினிகரைச் சூடாக்கி அதில் போட்டு வையுங்கள். ஸ்ட்ருவைட் கரையும், கண்ணாடி கரையாது. கரையவில்லை என்றால் டின்னைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். இந்தப் படிகம் வராமல் தடுக்கத்தான் பல டின்களில் பைரோபாஸ்பேட் என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். மீன் சதையில் தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் மட்டும் சாப்பிடாதீர்கள். வேகவைக்கும் முன்பே மீன் கெடத் தொடங்கியிருந்ததன் அடையாளம் அது. நாக்கில் மிளகைக் கடித்தது போன்ற எரிச்சல் இருந்தாலும் துப்பிவிடுங்கள். கெட்ட சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின் எந்த வேக்காட்டிலும் அழியாது.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைத்த மறுநாள் எண்ணெய் டின்னைத் திறந்தால் எண்ணெய் தனியாக, மீன் தனியாக நிற்கும். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பழகியிருக்கும். ஒரு வருடம் ஆன நல்ல ஆலிவ் எண்ணெய் டின், புதிதாக வந்ததைவிட மென்மையாக இருப்பதை நானே வரிசையாக வைத்துச் சுவைத்திருக்கிறேன். தண்ணீர் டின்னுக்கு இந்த முதிர்ச்சி கிடையாது. நாள் போகப் போகச் சாரம் நீருக்குப் போகிறதே தவிர திரும்பி வருவதில்லை. அதனால் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கினால் எண்ணெய் டின்னை வாங்கி அடுக்குங்கள், அவ்வப்போது கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் டின்னை மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். எதுவானாலும் திறந்த பிறகு மீந்ததை டின்னிலேயே விடாமல் மூடியுள்ள கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஷார்ஜா வெயிலில் மேசைமேல் இரண்டு மணி நேரம் கிடந்த மீனை நான் தொடமாட்டேன்.

உங்கள் அறைக்கு என் யோசனை: வாரத்துக்கு ஆறு டின் என்றால் சூரியகாந்தி எண்ணெயில் அடைத்தது நான்கு, தண்ணீரில் அடைத்த முழுத்துண்டு இரண்டு. தண்ணீர் டின் இரண்டும் விடுமுறை நாளில் புட்டுக்கும் கட்லெட்டுக்கும். எண்ணெய் டின் வேலை முடிந்து அலுத்து வரும் இரவுகளுக்கு. சோறு வெந்து ஆவி பறக்கும்போதே தட்டில் போட்டு, டின்னை எண்ணெயோடு கவிழ்த்து, சின்ன வெங்காயம் நாலு, பச்சைமிளகாய் ஒன்று அரிந்து போட்டு, அரை எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவிப் பிசையுங்கள். சமையல் என்று எதுவும் இல்லை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. பயிற்சியாளர் கேட்டால், அன்றைக்கு மயோனைஸ் தொடவில்லை என்று சொல்லுங்கள்.